ஐந்து மகன்கள், மூன்று மகள்கள், ஒரு பஸ் கம்பெனி

டி.வி.எஸ். கம்பெனி எத்தனை கிளைகளாக வளர்ந்தது, என்னென்ன பரிசுகள் பெற்றது என்பதையெல்லாம் இந்த விழா மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்காரைப் பற்றி எழுத வந்த எனக்கு அவருடைய வீட்டு வாசல் வழியாக உள்ளே போகத்தான் தோன்றுகிறது. கடையையும் குடும்பத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் அவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

1877 மார்ச் 22-ல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். நம்பி கோயில் உள்ள திவ்யதேசம் அது. படித்து வக்கீலானார். பிறகு ரயில்வே உத்தியோகம், அதன்பின் வங்கி வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும், பிள்ளை குட்டிகளைக் கரையேற்றலாம் என்று அந்தத் தலைமுறை மிகவும் விரும்பிய வாழ்க்கை அது. 1911-ல், முப்பத்து நாலு வயதில், அதைத் தொலைத்துவிட்டு மோட்டார் தொழிலில் இறங்கினார். மகள் சௌந்தரத்துக்கு அப்போது ஏழு வயது. தனி ஆளுக்கு இது துணிச்சலாக இருக்கலாம். குடும்பஸ்தனுக்கு அக்கம்பக்கம் வைத்திருக்கும் பெயர் வேறு.

அன்றைய சாலைகள் மாட்டு வண்டிக்கும் ஜட்காவுக்கும் போட்டவை. பஸ்ஸுக்கு எமன் லாட ஆணி. மாட்டின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த ஆணி டயரில் ஏறினால் நடுவழியில் அரைமணி நேரம் போயிற்று. டயர் அன்று சீமைச் சரக்கு வேறு. சாலையில் காந்தம் பூட்டிய வண்டியை ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வந்ததைப் பார்த்துக் கடிகார முள்ளைத் திருத்திக்கொள்வார்கள் என்றும் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் இப்படியொரு மிகை எல்லாக் கம்பெனிக்கும் வாய்ப்பதில்லை. மழை, பழுது, டிரைவரின் தூக்கம் இத்தனைக்கும் இடையில் பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது என்றால், பட்டறையில் ராத்திரியெல்லாம் யாரோ விழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ் முதலாளிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, டி.வி.எஸ். கரிவாயு எந்திரத்தைத் தானே தயாரித்து விற்றது. பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு உருளை. மேலே கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு மூட்டி, காற்று விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். விடியுமுன் கிளீனர் பையன் சுற்றத் தொடங்கினால், முகமும் சட்டையும் கறுத்த பிறகுதான் வாயு பிடிக்கும், என்ஜின் உறுமும். ஏற்றம் வந்தால் வண்டி திணறும். ஆனாலும் ஊர் போய்ச் சேரும்.

ஐந்து மகன்களும் தொழிலுக்கே வந்தார்கள். மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ், சதர்ன் ரோடுவேஸ் என்று பொறுப்புகள் விரிந்தன. லாரி வாங்க நினைப்பவருக்குக் கடன் கொடுக்க மகன்களில் ஒருவரான டி.எஸ். சந்தானம் 1954-ல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். மகன்களின் கதை இவ்வளவுதான். நல்ல கதை, மேடு பள்ளம் இல்லாத கதை.

மகளின் கதை அப்படியில்லை. இளம் வயதிலேயே உறவில் மணம் முடித்த சௌந்தரத்தின் கணவர் டாக்டர். பிளேக் நோய் 1925-ல் அவரைக் கொண்டுபோயிற்று. இருபத்தோரு வயதில் விதவையான அய்யங்கார் பெண்ணை அன்றைய வீடுகள் எந்த மூலையில் உட்கார வைத்தன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. சுந்தரம் அய்யங்காரும் மனைவி லட்சுமி அம்மாளும் அவரைப் படிக்க அனுப்பினார்கள். அதுவும் டில்லிக்கு, லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு. 1936-ல், முப்பத்திரண்டு வயதில், அவர் டாக்டரானார். பஸ் கம்பெனி தொடங்கியதைவிட இது பெரிய துணிச்சல் என்பது என் கட்சி. பஸ்ஸில் நஷ்டம் வந்தால் பணம் போகும். இதில் ஊர்வாயைத் தாங்க வேண்டும்.

டில்லியில் தோழி சுசீலா நய்யார் மூலம் காந்தியிடம் போய்ச் சேர்ந்த சௌந்தரம், அரிஜன சேவையில் இருந்த கேரளத்துக்காரர் ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். இங்கே அப்பா நின்றுவிட்டார். மறுமணம், அதுவும் சாதி விட்டுச் சாதி, பெற்றோருக்குச் சம்மதமில்லை. ஓராண்டு பார்த்துக்கொள்ளாமலும் கடிதம் போடாமலும் இருங்கள், அதன் பிறகும் மனம் மாறவில்லையென்றால் பார்க்கலாம் என்றார் காந்தி. இருவர் மனமும் மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது. விழா மலர்களில் இந்த இடத்தை மெல்லத் தாண்டிவிடுவது வழக்கம். தாண்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் மேல் உயிராக இருந்த ஒருவர் எதுவரை வந்தார், எங்கே நின்றார் என்று தெரிந்தால்தானே அவரைத் தெரிந்ததாகும்.

அந்த மகளும் மருமகனும் 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1952-ல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சௌந்தரம் சட்டசபைக்குப் போனார். அதைப் பார்க்கத் தந்தை இருந்தார். 1955 ஏப்ரல் 28-ல், கம்பெனிப் பொறுப்பை மகன்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்த நிலையில், கொடைக்கானலில் காலமானார்.

அவர் தொடங்கிய பஸ்கள் 1972-ல் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. வேர் போன பிறகும் மரம் நின்றது என்பதுதான் வேடிக்கை. பிரேக், சக்கரம், போல்ட், மொபெட் என்று மகன்கள், பேரன்கள் காலத்தில் தொழில் எங்கெங்கோ கிளைத்தது. பங்குகள் மட்டும் நெடுநாள் குடும்பத்தின் பொதுச் சொத்தாகவே இருந்தன. ராஜம், சந்தானம், ஸ்ரீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நான்கு மகன்களின் வழிவந்தவர்கள் பேசி முடித்து, அவரவர் நடத்தும் தொழில் அவரவருக்கு என்று முறைப்படி பிரித்துக்கொண்டது 2022-ல்தான். தாத்தா பெயரில் இருந்த மதுரைக் கம்பெனி ராஜத்தின் கிளைக்குப் போனது.