கதையில் மெய்யும் புனைவும்: இளம் வாசகர்க்குக் கற்பித்த வரலாறு

கதை கேளாத குழந்தை இல்லை. அக்கதையைக் கண்டு அஞ்சாத ஆசிரியர்களும் அரியர். நரி பேசுமென்று பிள்ளை நம்பிவிடுமோ, பேயையும் பூதத்தையும் மெய்யெனக் கொள்ளுமோ என்னும் கவலை பல நாடுகளில் பல காலங்களில் எழுந்துள்ளது. அக்கவலையின் வரலாற்றை நோக்கின், அஞ்சவேண்டிய இடம் வேறொன்று என்பது விளங்கும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் கண்ட வேறுபாடு

கதை வேறு, நடந்தது வேறு என்னும் தெளிவு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டனைப் பிரித்து, இவ்விரண்டும் இணைந்ததையே புலனெறி வழக்கம் என்றது. நாடக வழக்கினை விளக்கும் இளம்பூரணர், சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தே வந்தனபோலத் தொகுத்துக் கூறுதல் என்னும் கருத்தினைத் தருகின்றார். உலகில் ஆங்காங்குச் சிதறிக் கிடப்பதைப் புலவன் ஓரிடத்தில் திரட்டுகின்றான். எனவே, புனைவு உலகியலிலிருந்து பிறப்பது என்பதும், எனினும் அது உலகியல் ஆகாது என்பதும் ஒருங்கே பெறப்படுகின்றன.

செய்யுளியலில் உரைநடை வகைகளைக் கூறுமிடத்துப் பொய்ம்மொழி என்றொரு வகை இடம்பெறுகின்றது. அதற்குப் பேராசிரியர் காட்டும் சான்று, யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஓரிடம் சென்ற கதை. இவை ஒருவரிடம் ஒருவர் கற்று வழிவழியாக வருபவை என்றும் அவர் குறிக்கின்றார். குழந்தைக் கதை என்று நாம் இன்று ஒதுக்குவதை இலக்கணம் ஒதுக்கவில்லை. பெயரிட்டு உரிய இடத்தில் வைத்தது. பொய்யைப் பொய்யென்று பெயரிட்டு அழைத்தபின் அதனால் விளையும் ஏமாற்றம் ஏது?

மேலைநாட்டு வாதங்கள்

ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக் 1693-இல் வெளியிட்ட கல்விச் சிந்தனைகளில், பணியாளர் சொல்லும் பேய்க்கதைகளிலிருந்து குழந்தைகளைக் காக்க வேண்டுமென்றார். எனினும், ஈசாப்பின் விலங்குக் கதைகளைப் படங்களுடன் கொடுக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். அச்சமூட்டும் கதை வேறு, பேசும் விலங்கின் கதை வேறு என்னும் பாகுபாடு அவரிடம் இருந்தது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ இதனை ஏற்கவில்லை. 1762-இல் வெளிவந்த 'எமீல்' என்னும் நூலில், காகமும் நரியும் பற்றிய லா ஃபொந்தேனின் கதைப்பாடலை அடியடியாக ஆராய்ந்து, நரிகள் பேசுமா என வினவுகின்றார். குழந்தை காகத்துக்கு இரங்காமல் நரியின் தந்திரத்தையே வியக்கும் என்பது அவர்தம் மற்றொரு தடை. அங்ஙனம் நரியை விலக்கியவர், தம் மாணவனுக்குரிய முதல் நூலாகத் தேர்ந்தது 'ராபின்சன் குரூசோ'.

இத்தேர்வு சிந்திக்கத்தக்கது. டீஃபோ எழுதிய அந்நூல் 1719-இல் வெளிவந்தபோது, குரூசோ தாமே எழுதிய வரலாறு என்று அதன் முகப்புக் கூறியது. நடந்த செய்தியே இது என்று முன்னுரையும் உறுதி மொழிந்தது. பேசும் நரி தன் பொய்ம்மையை முதல் வரியிலேயே காட்டிவிடுகின்றது. குரூசோவோ நாட்குறிப்பும் கணக்கும் காட்டி மெய்போல நடக்கின்றான். எளிதில் அறியத்தக்க புனைவை விலக்கி, அறிதற்கரிய புனைவை ரூசோ கையில் கொடுத்தார்.

இங்கிலாந்தின் சாரா டிரிம்மர் அம்மையார் 1802 முதல் 1806 வரை நடத்திய இதழில் தேவதைக் கதைகளை வன்மையாகக் கண்டித்தவர். ஆயினும் அவரே 1786-இல் பேசும் குருவிக் குடும்பம் ஒன்றின் கதையை எழுதியிருந்தார். அதன் முன்னுரையில், இவை பறவைகள் மெய்யாகப் பேசிய பேச்சுகள் அல்ல, நீதி புகட்டும் கட்டுக்கதைகள் எனக் குழந்தைகளுக்கு உணர்த்த வேண்டுமென்று குறித்தார். தடையைவிட அவர்தம் முன்னுரையே சிறந்த கல்வி எனலாம்.

உருசியாவில் இவ்வாதம் அரசியலாகவே மாறியது. 1928-இல் குரூப்ஸ்காயா அம்மையார் 'பிராவ்தா' இதழில், கொர்னேய் சுக்கோவ்ஸ்கியின் 'முதலை' என்னும் கதைப்பாடலைச் சாடினார். முதலையின் வாழ்க்கையைப் பற்றி அறியவேண்டிய குழந்தை, அதனைப் பற்றிய பிதற்றலையே கேட்கின்றது என்பது அவர் கூற்று. மாக்சிம் கார்க்கி அக்கவிஞருக்காகப் பரிந்து எழுதினார்.

சுக்கோவ்ஸ்கி தந்த விடை வாதத்தினும் வலியது. அவருடைய மகள் இரண்டு வயது நிரம்புமுன் ஒருநாள் ஓடிவந்து, நாய் 'மியாவ்' என்கிறது என்று சொல்லிச் சிரித்தாளாம். நாய் எவ்வாறு குரைக்கும் என்று உறுதியாக அறிந்த குழந்தையே அதனைத் தலைகீழாக்கிச் சிரிக்க முடியும். தலைகீழ்ப் பாடல்கள் மெய்யுணர்வைச் சிதைப்பதில்லை, வலுப்படுத்துகின்றன என்று அவர் நிறுவினார்.

நம் வகுப்பறையில்

தாண்டவராய முதலியாரின் 'பஞ்சதந்திரம்' 1826-இல் வெளிவந்த நாள்தொட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அதன் பேசும் விலங்குகளோடு பழகிவந்துள்ளனர். அதனைப் படித்துவிட்டுக் காட்டில் நரியிடம் அறிவுரை கேட்கப் போனவர் எவருமிலர். ஆனால், ஆதித்த கரிகாலன் கொலையில் நந்தினிக்குப் பங்குண்டு என்று வரலாற்று உண்மைபோல எழுதும் கல்லூரி மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கின்றேன்.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாகவும் வந்தபின் இம்மயக்கம் மிகுந்துள்ளது. உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிக்கின்றது. இராசராசனின் ஆணையால் அவர்களும் உறவினரும் உடைமை இழந்ததைக் கூறுகின்றது. வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுச் சான்று. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனைப் பெண்கள்.

இதனைச் சொன்னவுடன் சில மாணவர் முகம் வாடுகின்றது. நாவலின் மதிப்பே குறைந்துவிட்டதாகக் கருதுகின்றனர். அவ்வாட்டத்தைப் போக்குவதே ஆசிரியரின் உண்மையான பணி. கல்வெட்டையும் நாவற் பகுதியையும் அருகருகே வைத்து, கல்லில் உள்ளது எது, கல்லிலிருந்து ஆசிரியர் ஊகித்தது எது, முற்றிலும் படைத்தது எது என மூன்றாகப் பகுக்கச் செய்கின்றேன். பகுத்து முடித்தபின் நந்தினி அவர்களிடம் முன்னினும் உயர்ந்து நிற்கின்றாள். கல்லில் இல்லாத ஒருத்தியைக் கல்லில் உள்ளவர்களுக்கு நடுவே உலவவிட்ட புலமையை அப்போதுதான் காண்கின்றனர்.

நிறைவாக

பேசும் நரி தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். மெய்போல நடக்கும் கதையையே இளையோர் பகுத்தறியக் கற்க வேண்டும். இப்பயிற்சியைத் தடையால் தர இயலாது. இரண்டையும் ஒருங்கே காட்டியே தரலாம்.

பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் இவ்வட்டத்தார்க்கு இதிலொரு பொறுப்புண்டு. குழந்தைகட்கு எழுதும் கவிஞர்கள் அஞ்சாது யானையையும் குருவியையும் நட்பாக்கட்டும். வரலாற்றைப் பாடுவோர், தாம் தொகுத்தது எது, படைத்தது எது என ஒரு முன்னுரையில் சொல்லி வைக்கட்டும். அதனால் கவிதை குறையாது. அதனைப் படிக்கும் பிள்ளையின் அறிவு வளரும்.