சாதுப் பசு முட்ட வந்தால்

முதலியார்பேட்டைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "சாதுவா நின்ன பசு திடீர்னு முட்ட வருதே, கண்ணேறா?" சினைப்பருவத்திலும், கன்று ஈன்றதும், மடிநோவிலும் மாட்டின் குணம் மாறும். ஆனால் குரல் கம்மிக் கத்தி, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்க முடியாமல் தவித்தால், வெறிநோயைச் சந்தேகியுங்கள்.

கடித்த நாயின் எச்சிலிலுள்ள கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது. அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் கடி நமக்கு மறந்தே போகும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காலம். 1885 ஜூலை 6ஆம் தேதி, பாரீஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு ஊசி போடச் செய்தார். பையன் பிழைத்தான். 1907இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் வந்தது. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் போட்ட காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த மருந்து இல்லை, கையிலேயே போடுகிறார்கள்.

"தொண்டையில் ஏதோ அடைச்சிருக்கு" என்று அப்படிப்பட்ட மாட்டின் வாயில் கையை விடாதீர்கள். விட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதன் பாலைத் தொடாதீர்கள். நாய் கடித்த மாட்டுக்கு அன்றே கால்நடை மருத்துவரிடம் ஊசி போடுங்கள். குறி கண்டபின் மருந்தில்லை. வீட்டு நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போடுங்கள். தொழுவத்துக்கு அதுவே காவல்.