தாபாவின் சாட்சிகள்

நமக்குப் பெயர் தெரியாத ஒரு தாயிடமிருந்து இந்த உரையைத் தொடங்குகிறோம். நீதிமன்ற ஆவணங்களில் அவர் 'ஜே' என்ற ஓர் எழுத்து மட்டுமே. 1997 தொடக்கத்தில், ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல, தான்சானியாவின் அருஷா நகருக்கு வந்தார். தாபா என்ற வட்டாரத்தில் நடந்த கொலைகளைப் பற்றிச் சொல்லத்தான் அழைத்திருந்தார்கள். பேச்சின் நடுவே, தம் ஆறு வயது மகளை மூன்று பேர் வல்லுறவு செய்ததையும் சொன்னார். குற்றப்பத்திரிகையில் அப்படி ஒரு குற்றமே இல்லை.

மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் பெண்: நவநீதம் பிள்ளை. 2013இல் ஐ.நா. மனித உரிமை ஆணையராக இலங்கைக்கு வந்தவர் என்றே நம்மில் பலர் அவரை அறிவோம். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் வழியில், டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். அமர்விலிருந்து மேலும் கேள்விகள் வந்தன. பிறகு 'எச்' என்ற சாட்சி, சோளக்கொல்லையில் தமக்கு நேர்ந்ததையும், வட்டார அலுவலகத்தின் அருகே மற்றப் பெண்களுக்கு நேர்ந்ததையும் சொன்னார். வெளியே பெண்கள் அமைப்புகளும் வற்புறுத்தின. அவ்வாண்டு ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

குற்றவாளிக் கூண்டில் இருந்தவர் ழான்-போல் அகயேசு. பள்ளி ஆசிரியராக இருந்து தாபாவின் நிர்வாகத் தலைவரானவர். 1994 ஏப்ரல் 7இல் டுட்சி மக்கள் மீதான இனப்படுகொலை தொடங்கியபோது, முதல் சில நாட்கள் அவர் கொலைகளைத் தடுக்கவே முயன்றார். ஏப்ரல் 18இல் மேலிடத்தாருடன் ஒரு கூட்டம் நடந்தது. அதன்பின் ஆள் மாறிப்போனார். இந்தத் தேதியை நாம் மறக்கக் கூடாது. பிறவிக் கொடியவன் என்று சொல்லிக் கடந்துபோக அது நம்மை விடாது. அடைக்கலம் தேடி டுட்சிப் பெண்கள் ஓடிவந்தது அவருடைய அலுவலகத்துக்குத்தான். அங்கேயே, அவர் அறிய, அவர் ஊக்கத்தோடு, அவர்கள் சிதைக்கப்பட்டார்கள். தாபாவில் மட்டும் குறைந்தது 2,000 பேர் கொல்லப்பட்டார்கள்.

இது ஒரே நாளில் முளைத்த வெறி அல்ல. ஹூட்டு, டுட்சி, ட்வா என்று ஒவ்வொருவரையும் அடையாள அட்டையில் பெல்ஜியக் காலனியாட்சி 1930களில் பதிந்துவைத்தது. பிள்ளைக்குத் தகப்பனின் இனம். 1990 டிசம்பரில் 'கங்குரா' இதழ் ஹூட்டுகளுக்குப் பத்துக் கட்டளைகள் என்று வெளியிட்டபோது, முதலில் குறிவைத்தது டுட்சிப் பெண்களைத்தான்.

1998 செப்டம்பர் 2இல் தீர்ப்பு வந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்காகச் சர்வதேச நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு அது. ஒரு இனத்தை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலையே என்றது. அந்தப் பெண்கள் டுட்சிப் பெண்கள் என்பதற்காகவே குறிவைக்கப்பட்டார்கள் என்றது. இதை நாம் நம் காதால் கேட்காமல் இருக்க முடியுமா? சாதியின் காரணமாகத்தான் நடந்தது என்று நிரூபிக்கவில்லை என்று கூறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவை நீக்கிவிட்ட தீர்ப்புகள் நமக்குப் பழக்கம். 2015 திருத்தத்துக்குப் பிறகுதான், சாதி தெரிந்தே செய்தது என்றாலே போதும் என்றானது.

பெண் நீதிபதி இருந்ததால் எல்லாம் சரியாயிற்று என்றும் சொல்லிவிட வேண்டாம். ருவாண்டாவின் குடும்ப நல, பெண்கள் மேம்பாட்டு அமைச்சராக இருந்த பவுலின் நியிராமசுஹுகோ ஒரு பெண். 2011இல் இனப்படுகொலைக்காகவும், வல்லுறவைத் தடுக்காமல் விட்டதற்காகவும் தண்டிக்கப்பட்டார்.

வல்லுறவால் எச்.ஐ.வி. தொற்றியவர்கள் பலர். அருஷா சிறையில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அதற்கான மருந்து கிடைத்தது. ஊர் திரும்பிய பெண்களில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அது கிடைக்கவில்லை.