கேலடெட் 1988: ஒரு தலைவர் தேர்வும் ஒரு வாக்கியமும்

1988 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டன் நகரிலுள்ள கேலடெட் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், தங்கள் புதிய தலைவரின் பெயரை அறங்காவலர் குழு வளாகத்துக்கு வந்து அறிவிக்கும் என்று காத்திருந்தனர். குழு வரவில்லை. மாலை ஆறரை மணியளவில் அச்சிட்ட செய்திக்குறிப்புகள்தாம் வந்தன. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் கல்வித்துறைப் பொறுப்பு வகித்த எலிசபெத் ஸின்ஸர் ஏழாவது தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார் என்றது அக்குறிப்பு. காதுகேளாதோருக்கென்றே நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு, ஏழாவது முறையாகவும், காதுகேட்கும் ஒருவர். அவருக்குச் சைகைமொழி தெரியாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'தலைவர்' எனப்படும் பதவி, நம் ஊர்த் துணைவேந்தர் பதவிக்கு நிகரானது. துணைவேந்தர் தேடலும் தேடல் குழுவைச் சுற்றிய சச்சரவும் இந்திய வளாகங்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் ஒரு தேர்வுக்கு எதிராக வளாகம் முழுவதும் எழுந்து, ஒரே வாரத்தில் அதைத் திருப்பியது உலக உயர்கல்வி வரலாற்றில் அரிதான நிகழ்வு. அதன் மையத்தில் இருந்தது மொழி என்பது மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

கேலடெட்டின் கதை 1857இல் தொடங்குகிறது. ஏமஸ் கெண்டல் என்பவர் கொடுத்த நிலத்தில் காதுகேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்கான சிறு பள்ளியொன்று அமைந்தது. அதன் பொறுப்பாளராக வந்த எட்வர்ட் மைனர் கேலடெட்டின் தாய் சோஃபியா ஃபவ்லர் காதுகேளாதவர். ஆகவே சைகைமொழி அவருக்கு உண்மையாகவே தாய்மொழி. 1864இல் அந்நிறுவனம் பட்டங்கள் வழங்க அனுமதிக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். அப்போது 27 வயதே நிரம்பியிருந்த எட்வர்ட், 1910 வரை தலைவராக நீடித்தார்.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையில் சைகைக்குப் பதில் வாய்ப்பேச்சையே பயிற்றுமொழியாக்கவேண்டும் என்று தீர்மானித்தது. நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பேராளர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர்: கேலடெட் வளாகத்துப் பள்ளியைச் சேர்ந்த ஜேம்ஸ் டெனிசன். எட்வர்ட் கேலடெட் அத்தீர்மானத்தை எதிர்த்தார். தீர்மானம் நிறைவேறி, பல நாடுகளின் பள்ளிகளிலிருந்து சைகை துரத்தப்பட்டது. பிற்காலத்தில் பலரும் மிலானைக் காதுகேளாதோர் வரலாற்றின் இருண்ட நாளாகவே எழுதினர். இருப்பினும் எட்வர்டை முழுமையான வீரராக நிறுத்துவது சரியாகாது. அதே மனிதர் 1891இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சித் துறையில் காதுகேளாதோருக்கு இடமில்லை. அவர்கள் கற்கலாம், தங்களைப் போன்றவர்க்குக் கற்பிக்கும் பயிற்சியை அங்கே பெறக்கூடாது. அன்பும் ஐயமும் கலந்த இந்தப் பாதுகாவலர் மனநிலையே அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்நிறுவனத்தின் இயல்பாயிற்று.

அதை முதலில் அசைத்தது ஓர் ஆய்வு. 1955இல் ஆங்கிலம் கற்பிக்க வந்த வில்லியம் ஸ்டோக்கி, வகுப்பிற்கு வெளியே மாணவர்கள் கைகளால் பேசிக்கொள்வதைக் கூர்ந்து நோக்கினார். அது ஆங்கிலத்தின் சிதைந்த வடிவமன்று. கைவடிவம், இடம், அசைவு எனப் பொருளற்ற சிறு கூறுகளாகப் பகுக்கத்தக்க, தனக்கெனக் கட்டமைப்புள்ள மொழி என்று 1960இல் வெளியிட்டார். 1965இல் டோரத்தி காஸ்டர்லைன், கார்ல் கிரோனபெர்க் என்னும் காதுகேளாத ஆய்வாளர் இருவருடன் இணைந்து அகராதியும் தந்தார். உடன் பணியாற்றியோர் பலர் நகைத்தனர். காதுகேளாதோரிலும் சிலர் நகைத்தனர் என்பதே வேதனை. தம் மொழியைத் தாமே மொழியென்று எண்ணாத அளவுக்குப் பள்ளிக்கூடம் வேலை செய்திருந்தது. 1988இன் மாணவர்கள், இந்த ஆய்வு வெளிவந்த பின்னர்ப் பிறந்த தலைமுறை. தாம் பேசுவது மொழி என்று அறிந்து வளர்ந்த முதல் தலைமுறை என்றே சொல்லலாம்.

1987இல் ஆறாவது தலைவர் ஜெரி லீ பதவி விலகுவதாக அறிவித்ததும் தேடல் தொடங்கியது. இறுதியில் மூவர் எஞ்சினர். ஸின்ஸர், லூயிசியானா காதுகேளாதோர் பள்ளியின் தலைவர் ஹார்வி கோர்சன், கேலடெட்டிலேயே கலை, அறிவியல் புல முதன்மையராக இருந்த ஐ. கிங் ஜோர்டன். பின்னிருவரும் காதுகேளாதோர். தேர்வு செய்யவேண்டிய அறங்காவலர் 21 பேரில் 17 பேர் காதுகேட்போர். குழுத்தலைவர் ஜேன் பாசெட் ஸ்பில்மனும் சைகைமொழி அறியாதவர்.

முறைப்படி பார்த்தால் தேடலில் குறையில்லை. விளம்பரம், விண்ணப்பம், சுருக்கப்பட்டியல், நேர்காணல் எல்லாம் நடந்தன. துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ஜார்ஜ் புஷ், ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றோர் காதுகேளாத ஒருவரைத் தேர்ந்தெடுக்குமாறு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தனர். 'வாத்துகள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட இளம் முன்னாள் மாணவர் சிலர், மார்ச் 1 அன்று ஒரு பேரணியையும் நடத்தியிருந்தனர். குழு இவற்றை அறியாமல் இல்லை. நிர்வாக அனுபவமே பெரிது என்று அது நினைத்தது. காதுகேளாத ஒருவரைத் தலைமைப் பதவிக்கு அரிதாகவே நியமித்த உலகில், தலைமை அனுபவத்தையே தகுதியாக வைத்தால் முடிவு என்னவாகும் என்பதை மட்டும் அது எண்ணிப்பார்க்கவில்லை.

செய்திக்குறிப்பைப் படித்த கூட்டம், குழு தங்கியிருந்த மேஃபிளவர் விடுதிக்கு நடந்தது. அங்கே ஸ்பில்மன் மாணவர்களிடம் பேசினார். காதுகேளாதோர் காதுகேட்கும் உலகில் இயங்க இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவர் கூறியதாகச் செய்தி பரவியது. தாம் அப்படிச் சொல்லவே இல்லை, தம் வாக்கியத்திலிருந்த இரட்டை எதிர்மறையைச் சைகை மொழிபெயர்ப்பாளர் தவறாகக் கொண்டுவிட்டார் என்று ஸ்பில்மன் பின்னர் மறுத்தார்.

அந்த மறுப்பை எளிதில் ஒதுக்கமுடியாது. அமெரிக்கச் சைகைமொழியில் எதிர்மறை பெரும்பாலும் தலையசைப்பிலும் முகக்குறிப்பிலும், கைச்சைகையோடு ஒரே நேரத்தில் நிகழ்வது. ஆங்கிலத்தில் அடுத்தடுத்து வரும் இரு எதிர்மறைகளைக் கேட்டு, நெரிசலில், இரைச்சலில், சினமுற்ற கூட்டத்தின் முன் உடனுக்குடன் பெயர்ப்பது மிகக் கடினம். பிழை நேர்ந்திருக்கலாம். ஆனால் மாணவர் தரப்பின் மிக வலுவான வாதமும் அந்தப் பிழையிலேயே அடங்கியிருந்தது. தம் பல்கலைக்கழகத்தின் மாணவர்களிடம் அவர்கள் மொழியில் நேரடியாக ஒரு வாக்கியம் சொல்ல இயலாத நிலையில்தான் அறங்காவலர் தலைவர் இருந்தார். புதிய தலைவரும் அதே நிலையில்தான் வரவிருந்தார்.

மறுநாள் விடியும்போது வாயில்கள் அடைபட்டிருந்தன. பேருந்துகளைக் குறுக்கே நிறுத்திச் சக்கரங்களின் காற்றைப் பிடுங்கியிருந்தனர். கோரிக்கைகள் நான்கு: ஸின்ஸர் விலகிக் காதுகேளாதவர் ஒருவர் தலைவராகவேண்டும்; ஸ்பில்மன் விலகவேண்டும்; அறங்காவலர் குழுவில் 51 விழுக்காடு காதுகேளாதோர் இருக்கவேண்டும்; போராடியோர்மீது நடவடிக்கை கூடாது. அன்று மாணவர் குழுவைச் சந்தித்த அறங்காவலர்கள் எதற்கும் இணங்கவில்லை. உள்விளையாட்டு அரங்கில் முடிவை அறிவிக்க ஸ்பில்மன் மேடையேறியபோது, பேராசிரியர் ஹார்வி குட்ஸ்டீன் முந்திக்கொண்டு, கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை என்று சைகையிலே கூறி, வெளியேறுமாறு கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். யாரோ தீ எச்சரிக்கை மணியை இழுத்துவிட்டனர். இந்த இரைச்சலில் பேசமுடியவில்லையே என்றார் ஸ்பில்மன். அரங்கிலிருந்தோரில் பெரும்பாலோருக்கு அங்கே இரைச்சல் என்ற ஒன்றே இல்லை.

போராட்டத்தை வழிநடத்திய மாணவர் நால்வர்: கிரெக் ஹ்லிபாக், டிம் ராரஸ், பிரிஜெட்டா போர்ன், ஜெரி கோவல். நால்வரும் காதுகேளாத பெற்றோரின் பிள்ளைகள். இது தற்செயலன்று. காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காதுகேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. அவர்களுக்குச் சைகைமொழி பள்ளி விடுதியில், காலந்தாழ்த்திக் கிடைப்பது. தொட்டிலிலேயே அம்மொழியைப் பெற்றவர்கள் சிறுபான்மையுள் சிறுபான்மை. வீட்டில் தம் மொழியையும், அம்மொழியில் நடத்தப்பட்ட முழு வாழ்க்கையையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு, 'ஆயத்தமாகவில்லை' என்னும் சொல் வெறும் அபத்தமாகவே தோன்றியிருக்கும்.

புதன்கிழமை ஆசிரியர் கூட்டம் 147க்கு 5 என்ற வாக்கில் நான்கு கோரிக்கைகளையும் ஆதரித்தது. அன்றிரவு தொலைக்காட்சியில் ஹ்லிபாக்கும் ஸின்ஸரும் நடிகை மார்லி மாட்லினும் ஒரே நிகழ்ச்சியில் தோன்றினர். இதே நாளில் ஜோர்டன், குழுவின் முடிவை ஏற்று ஸின்ஸருக்குத் தம் ஆதரவைத் தெரிவித்தார். மறுநாள் அதைத் திரும்பப்பெற்று மாணவர் பக்கம் நின்றார். வெற்றி வரலாறுகள் இந்த ஒரு நாள் தடுமாற்றத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. கடக்கவேண்டியதில்லை. அவர் பிறவியில் காதுகேளாதவரல்லர். 21ஆம் வயதில் மோட்டார்சைக்கிள் விபத்தில் செவித்திறனை இழந்து, அதன்பின் கேலடெட்டுக்கு மாணவராக வந்து சைகைமொழி கற்றவர். நிறுவனத்தின் அதிகாரியாகவும் சமூகத்தின் உறுப்பினராகவும் ஒருங்கே இருப்பவனுக்கு நேரும் இழுபறி அது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து உயர்பதவிக்கு வந்தோர் பலருக்கு இது அறிமுகமானதாகவே இருக்கும்.

வியாழக்கிழமை இரவு ஸின்ஸர் விலகினார். பதவியைப் பற்றிக்கொண்டு நிற்காமல் சமூகத்தின் தருணத்தை மதித்து ஒதுங்கியது அவர் பெருமை. மாணவர்கள் கலையவில்லை. முதற்கோரிக்கையில் பாதிதான் நிறைவேறியது என்று கணக்கிட்டு, 'மூன்றரை' என்று எழுதிய அட்டைகளை அணிந்துகொண்டனர். வெள்ளியன்று ஏறத்தாழ 2500 பேர் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் சென்றனர். பல்கலைக்கழகச் செலவில் பெரும்பகுதியை நடுவண் அரசே வழங்குவதால் அந்த ஊர்வலத்தின் திசைக்குப் பொருள் இருந்தது. அந்த வாரம் அங்கே வந்து பார்த்த நரம்பியலறிஞர் ஆலிவர் சாக்ஸ், மறு ஆண்டு வெளியான தம் நூலில் அதை விரிவாகப் பதிவுசெய்தார்.

மார்ச் 13, ஞாயிறு. அறங்காவலர்கள் நாள் முழுதும் கூடினர். ஸ்பில்மன் விலகினார், காதுகேளாதவரான ஃபிலிப் பிரேவின் குழுத்தலைவரானார். அவர் தொலைபேசித் தட்டச்சுக் கருவியின் வழியே ஹ்லிபாக்கை அழைத்து, ஜோர்டன் எட்டாவது தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும், ஏனைய கோரிக்கைகள் ஏற்கப்பட்டதையும் எழுத்தில் தெரிவித்தார். ஒரு வாரம், உயிரிழப்பு எதுவுமில்லை. 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் நிறைவேறியதற்கு இந்த வாரம் தந்த உந்துதலும், அதற்காக ஜோர்டன் முன்னின்று வாதாடியதும் காரணங்களுள் அடங்கும்.

இத்துடன் முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் 2006இல் ஜோர்டன் ஓய்வுபெறவிருந்தபோது மீண்டும் ஒரு தேடல் நடந்தது. மே மாதம் ஜேன் ஃபெர்னாண்டஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறவியிலேயே காதுகேளாதவர், ஆனால் வாய்ப்பேச்சில் வளர்ந்து, இருபது வயதைக் கடந்தபின் சைகைமொழி கற்றவர். வளாகம் மறுபடியும் கொதித்தது. தாம் 'போதுமான அளவு' காதுகேளாதவரல்லர் என்பதே எதிர்ப்பின் காரணம் என்றார் அவர். எதிர்த்தவர்களோ, அவருடைய நிர்வாகப் போக்கும், கறுப்பினக் காதுகேளாத அறிஞர் ஒருவர் இறுதிப்பட்டியலில் இடம்பெறாததும், தேடல் நடந்த விதமுமே காரணம் என்றனர். அக்டோபரில் வாயில்கள் மீண்டும் அடைபட்டன. இம்முறை நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். கைது செய்யச் சொன்ன நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர், 1988இன் நாயகரான ஜோர்டன். அக்டோபர் 29 அன்று நியமனம் திரும்பப்பெறப்பட்டது.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது. கறுப்பின மாணவர்களை நெடுங்காலம் விலக்கிவைத்த வளாகம் அது. ஆண்ட்ரூ ஃபாஸ்டர் முதல் கறுப்பினப் பட்டதாரியானதே 1954இல்தான். அந்தப் பழைய கணக்கு 1988இன் நான்கு கோரிக்கைகளில் எழவில்லை. அதே சமயம், மொழியை எப்போது கற்றார் என்பதைக் கொண்டு ஒருவரின் உறுப்புரிமையை அளப்பது, மொழிச் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் உரிய சோதனை. காதுகேளாமையை உடற்குறையாகவும் பண்பாடாகவும் பிரித்துக் காட்ட, 1972இல் ஜேம்ஸ் வுட்வர்ட் முன்மொழிந்த வழக்கப்படி ஆங்கிலத்தில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் பயன்படுகின்றன. தமிழில் அந்த வசதி இல்லை. இரண்டுக்கும் 'காதுகேளாதோர்' என்னும் ஒரே சொல், அதிலும் ஓர் எதிர்மறை. அதே வுட்வர்ட், கேலடெட்டில் பயின்ற இந்தியரான மதன் வசிஷ்டா முதலியோருடன் சேர்ந்து இந்தியச் சைகைமொழியின் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் வகைகளை ஆராய்ந்து, எழுபதுகளின் இறுதி தொடங்கி நூல்களாக வெளியிட்டார். இந்தியாவில் அம்மொழிக்கென நடுவண் அரசின் ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது 2015இல்.

கேலடெட் 2007இல் தன் குறிக்கோளுரையைத் திருத்தி எழுதியது. அமெரிக்கச் சைகைமொழியும் ஆங்கிலமும் கொண்ட இருமொழி நிறுவனம் என்று அது தன்னை வரையறுத்துக்கொண்டது. லிங்கன் கையொப்பமிட்டு அப்போது 143 ஆண்டுகள் ஆகியிருந்தன.