உப்பு வண்டியே வீடாக

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது வெண்ணிறமாய் விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் காண்பர். தை மாதத்தில் பாத்திகளைச் சீர்செய்வதோடு தொடங்கும் வேலை கோடை முழுவதும் நடைபெறும். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கியதும் வேலை நின்றுவிடும். பருவத்தோடு பிழைப்பும் மாறும் இவ்வாழ்வு இக்கரைக்குப் புதிதன்று. உப்பை விளைவித்தவரை நாம் ஓரளவு அறிவோம். அதனை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவரின் வரலாற்றையோ நாம் மறந்தே போனோம்.

சங்க காலத்தில் இப்பகுதி நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு. அவனது எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும், காஞ்சியில் ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் உமணர் என்னும் உப்பு வணிகரைச் சந்திக்கிறோம். அவர்களுக்கு வண்டியே வீடு. அதிலே கோழிகள் அடையும். முன்புறம் காடிக் கலம் தொங்கும். கைக்குழந்தையுடன் தாய் எருதுகளை ஓட்டுவாள். கூட்டத்தோடு வந்த குரங்கு ஒன்று பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணை. நெடுவழியில் அச்சு முறியலாம் என்றெண்ணி மாற்று அச்சு ஒன்றையும் வண்டியின் கீழே கட்டி வைத்திருந்தனர் எனப் புறநானூறு கூறுகிறது. புலவர் எவரும் இவர்களை நாடோடிகள் என்று இகழவில்லை, உழைப்பாளிகளாகவே கண்டனர்.

பிற்காலத்தில் இத்தொழிலைச் செய்த பல கூட்டத்தாருள் உப்புக் குறவரும் அடங்குவர். கடற்கரையில் உப்பு வாங்கி, எருதுகளிலும் கழுதைகளிலும் பொதியேற்றி, உள்நாட்டில் விற்றுத் தானியம் பெற்றுத் திரும்புவர். சாலையில்லாச் சிற்றூருக்கும் உப்புச் சுவையைக் கொண்டு சேர்த்தவர் இவர்களே.

இவர்களது வீழ்ச்சி ஒரே நாளில் நிகழவில்லை. 1805இல் ஆங்கிலேயக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கியது; அதன்பின் பாதை நீள நீள, பொதிமாடுகளின் தேவை குறைந்தது. பிழைப்பை இழந்தோர் திருடக்கூடும் என்று அரசு ஐயுற்றது. வடநாட்டில் 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகை பதித்தல், காவல் நிலையத்தில் வருகை தருதல், அனுமதியின்றி ஊர் மாறாதிருத்தல் என்று விதிகள் இறுகின. உப்பு வணிகத்தை அழித்த ஆட்சியே அவ்வணிகரைக் குற்றவாளிகள் எனப் பதிவு செய்ததை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நடையே தொழிலாக வாழ்ந்தவர்க்கு நடப்பதே குற்றமாயிற்று!

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீங்கியது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடெங்கும் ஒழிந்தது. சட்டம் ஒழிந்த அளவுக்கு ஐயம் ஒழிந்ததா? ஊர்ப்புறத்தில் கூடாரம் ஒன்றைக் கண்டால், வந்தவர் யார், என்ன வேலைக்கு வந்தார் என்று கேட்குமுன் கதவைத் தாழிடும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும், 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப்பின் முதியோர் பலர் வீட்டுக்கு ஈடாக வண்டியிலேயே குடியேறினர். இலையுதிர் காலத்தில் சர்க்கரைக்கிழங்கு அறுவடை, கோடையில் சுற்றுலா முகாம்களில் காவலும் துப்புரவும் எனப் பருவத்தைத் தொடர்ந்து அவர்கள் வேலை தேடிச் செல்கின்றனர். உமணரின் வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் உப்பளத் தொழிலாளருக்கு, வேலையற்ற மழை மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. தொகை சிறிது, ஆயினும் வேலையில்லாப் பருவத்திலும் தொழிலாளிக்கு வயிறு உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. அது பெரிது.

பண்டைய இஸ்ரயேலர் அறுவடை முடிந்ததும் ஏழு நாள் கூடாரங்களில் தங்கிப் பெருவிழா எடுத்தனர். வழிநடந்த தம் முன்னோரை வீடு பெற்ற மக்கள் மறவாதிருக்கவே அவ்வேற்பாடு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் தமிழ் மரபு. அவ்வுப்பை நம் வாயில்வரை கொணர்ந்தவரையும் அந்நினைவில் சேர்த்துக்கொள்வது நம் கடனன்றோ?