விடுப்பும் விண்ணாணமும்

சென்னையிலிருந்து வந்த ஒருவர், “எனக்கு இன்று விடுப்பு” என்று அல்லைப்பிட்டி மூதாட்டி ஒருத்தியிடம் சொல்வாரானால், அவள், “என்ன விடுப்புத் தம்பி, சொல்லும்” என்று கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிடுவாள். அங்கே பணி ஓய்வைக் குறிக்கும் சொல், எங்கள் தீவுகளிலே பிறர் செய்தியை அறியும் ஆவலையும் அச்செய்தியையும் குறிக்கின்றது. ‘விடு’ என்னும் அடி இரண்டுக்கும் ஒன்றே. கைவிட்ட வேலை அங்கே. வாய்விட்ட சொல் இங்கே எனக் கொள்ளலாம் போலும்.

விடுப்புக்கு இணைபிரியாத் தோழன் விண்ணாணம். வடமொழி ‘விஞ்ஞானம்’ பாகதத்திலே ‘விண்ணாணம்’ என உருத்திரிந்தது. உலகை ஆராயும் அறிவைக் குறித்த சொல், வேலிக்கு மேலால் அயல்வீட்டை ஆராயும் அறிவாகச் சுருங்கிற்று! ‘பறைதல்’ என்பதன் கதையும் இத்தகையதே. மலையாளத்தார்க்கு அது பேசுதலைச் சுட்டும் பொதுச்சொல்; எம்மவர்க்கோ திண்ணைப் பேச்சு.

இவற்றைக் கொச்சை என்று மாணவர் கட்டுரைகளிற் சிவப்பு மையாற் கோடிடும் ஆசிரியர் பலர். நான் அதற்கு உடன்படேன். அவர்கள் தயங்காது எழுதும் ‘வம்பு’ மட்டும் என்ன? தொல்காப்பியர் உரியியலில் அதற்கு நிலையின்மை என்றே பொருள் கூறினார். பருவமல்லாப் பருவத்து மழை வம்பமாரி, வழிப்போக்கர் வம்பலர். நில்லாது கடந்துபோகும் பேச்சும் அவ்வழியே வம்பாயிற்று என்பது பொருந்தும். காதலரைப் பற்றிச் சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பரவுவது அலர். மலர்தலைக் குறிக்கும் சொல்லையே ஊர்ப்பேச்சுக்குச் சூட்டிய சான்றோர், அப்பேச்சு காதலரை மணவினைக்கு விரைவிக்கும் எனவும் கண்டனர். வீண்பேச்சென்று அவர்கள் அதனை ஒதுக்கவில்லை.

அல்லைப்பிட்டி, வேலணைத் தீவின் கிழக்குக் கோடியிலுள்ள சிற்றூர். கடற்கரையிலும் கிணற்றடியிலும் கோயில் முன்றிலிலும் வழங்கிய விடுப்பே அதற்கு நாளேடு. எவர் வள்ளம் கரைசேரவில்லை, எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை முதலில் அறிந்தோர் விடுப்புக் கேட்போரே. பெண்களின் வாய்ப்பழக்கம் என அதனை நகைத்த ஆடவரும் மாலையில் அதற்குச் செவிசாய்த்தனர்.

1990இலும் 2006இலும் போர் இவ்வூராரைப் பெயர்த்தெறிந்தது. பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர் தொலைபேசியில், “ஊரிலை என்ன விடுப்பு?” என்று வினவினர். எவர் உயிரோடிருக்கின்றார், எவர் வீட்டுக்குக் கூரை மிஞ்சியது என்பதே அக்கேள்வியின் பொருள்.