பின்புலக் கோரிக்கைகளும் உலாவி வேறுபாடுகளும்

இணையப் பக்கத்தை மீண்டும் முழுமையாக ஏற்றாமல், தேவையான தரவை மட்டும் வழங்கியிடமிருந்து பெறும் முறை பின்புலக் கோரிக்கை எனப்படும். ஒரே நிரல் பிற உலாவிகளில் சரியாக இயங்கி, ஒன்றில் மட்டும் தோல்வியுறுவது 2000களில் இணைய நிரலாளர்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது. பொதுத் தரம் உருவாகும் முன்பே உலாவிகள் இவ்வசதியைத் தனித்தனியே சேர்த்துக்கொண்டது இதற்கு முதன்மைக் காரணம்.

தோற்றம்

மைக்ரோசாப்ட் நிறுவனம் அவுட்லுக் மின்னஞ்சலின் இணையப் பதிப்புக்காக இந்நுட்பத்தை உருவாக்கியது. 1999 மார்ச்சில் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் இது ஆக்டிவ்எக்ஸ் கூறாக இடம்பெற்றது. மொசில்லா, பின்னர் சஃபாரி (2004), ஓபரா (2005) ஆகியவை இதை ஆக்டிவ்எக்ஸ் இன்றி உலாவிக்குள்ளேயே அமைத்தன. ஜிமெயிலும் கூகுள் மேப்சும் இதன் பயனைப் பரவலாக அறியச் செய்தன. 2005 பிப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு 'அஜாக்ஸ்' எனப் பெயரிட்டார்.

தோல்விகள்

சிக்கல் பெரும்பாலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலேயே தோன்றியது. 2000களின் முற்பகுதியில் பெரும்பான்மையோர் பயன்படுத்தியது அதுவே என்பதால், 'வேறு உலாவியில் திறக்கவும்' என்று சொல்லி ஒதுக்க இயலவில்லை.

அதன் 6ஆம் பதிப்பு வரை, ஆக்டிவ்எக்ஸ் முடக்கப்பட்ட கணினியில் கோரிக்கையை உருவாக்கவே முடியாது. தரவைக் கேட்கும் 'கெட்' வகைக் கோரிக்கைக்கு, முன்பே சேமித்து வைத்திருந்த பழைய விடையை அது பல நேரங்களில் தந்தது; பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. 'வெற்றி, ஆனால் உள்ளடக்கம் இல்லை' என்று பொருள்படும் 204 என்ற நிலைக்குறியை 1223 என நிரலுக்கு அறிவித்ததால், வெற்றியும் தோல்வியாகக் கருதப்பட்டது.

வழுநீக்கம்

2006இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக், பயர்பாக்சில் ஒவ்வொரு கோரிக்கையையும் காட்டியது. ஆனால் பழுது வேறோர் உலாவியில் இருந்தது. அங்கு எரிக் லாரன்சின் ஃபிட்லர் போன்ற, உலாவிக்கு வெளியே நின்று போக்குவரத்தைக் கவனிக்கும் கருவிகள் உதவின. ஃபிட்லரில் கோரிக்கையே தென்படாவிட்டால் விடை உலாவியின் சேமிப்பிலிருந்து வந்திருக்கலாம். முகவரியின் இறுதியில் நேரத்தைச் சேர்த்து ஒவ்வொரு முறையும் புதிய முகவரியாக்குவது அதற்குத் தீர்வு. ஃபிட்லரில் 204 என்றும் நிரலில் 1223 என்றும் இருந்தால் குறை உலாவியில் உள்ளது. நிரலாளர் இரண்டையும் வெற்றியாகக் கொள்ளுமாறு எழுதினர்.

தரப்படுத்தல்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2006 ஏப்ரலில் முதல் வரைவை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 ஆக்டிவ்எக்ஸ் தேவையை நீக்கியது. எனினும் வேறு தளத்திற்குக் கோரிக்கை அனுப்ப 8ஆம் பதிப்பு (2009) தனி வழியையே வைத்திருந்தது. 10ஆம் பதிப்பில் (2012) பொது முறைக்கு மாறியது. இந்நுட்பத்தை முதலில் தந்த உலாவியே அதன் பொதுத் தரத்திற்குத் தாமதமாக வந்து சேர்ந்தது.